சுவர்கள் தாங்கும் மலைச்சரிவு

ஸ்விட்ஸர்லாந்தில் லோசான் நகரம் முடிகிற இடத்தில் தொடங்கி, வெவே, மோந்த்ரே முதலிய ஊர்களைக் கடந்து, ஷிலோன் கோட்டையை எட்டும் வரையில், ஜெனீவா ஏரியின் வடகரையோடு ஒட்டிக்கொண்டு சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்குத் தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்கும் மலைச்சரிவுக்கு லவோ என்று பெயர். ஏரிநீரின் விளிம்பிலிருந்து மேலே புல்வெளிகளும் காடும் ஆரம்பமாகும் வரையில் அந்தச் சரிவு முழுவதும் படிப்படியாகத் திருத்தப்பட்டு, ஒவ்வொரு படியையும் ஒரு கற்சுவர் முட்டுக்கொடுத்துத் தாங்க, அந்தப் படிகளில் திராட்சைக் கொடிகளைத் தவிர வேறொன்றும் பயிராகாமல் பல நூற்றாண்டுகள் கடந்திருக்கின்றன. சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக 40 அடுக்குகள் வரையில் உண்டு; படிகளின் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 10,000 என்று சொல்கிறார்கள். அவற்றைத் தாங்கும் சுவர்களை ஒன்றோடொன்று சேர்த்து நீட்டினால் 400 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்கிறபோது, கிழக்கு மேற்காக அந்த நாட்டின் அகலத்தையே அது மிஞ்சிவிடுகிறது. 2007ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் லவோவை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

ஏரியையும், அதற்கு அக்கரையில் பிரான்ஸின் சவாய் பிரதேசத்து மலைகளையும், கிழக்கே ரோன் நதி வந்து கலக்கும் திசையில் நிரந்தரமாகப் பனி பூத்திருக்கும் சிகரங்களையும் பார்ப்பதற்காகவே பெரும்பாலான பிரயாணிகள் இங்கே வருகிறார்கள். அந்தக் காட்சியின் ஸௌந்தர்யத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும், லவோவில் ஒரு நாள் நடக்கக் கிடைத்தவர்கள் தூரத்து மலைகளைப் பார்ப்பதில் பாதி நேரத்தையாவது மிச்சப்படுத்தித் தங்கள் தோளுக்குப் பக்கத்திலேயே நிற்கும் சுவர்களைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். மலைகள் தாமாக உண்டானவை; சுவர்கள் மனிதர் கையால் எழுந்து, மனிதர் கையால் பழுது பார்க்கப்பட்டு, இன்றைக்கும் மனிதர் கையையே நம்பி நிற்பவை.

நடை மார்க்கத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. லோசானிலிருந்து சில நிமிஷ ரயில் பிரயாணத்தில் லுட்ரி என்ற கரையோர ஊர் வரும். அங்கே இறங்கிக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டால், கிரான்வோ, எபெஸ், ரிவா முதலிய கிராமங்களின் வழியாக சென்-சாஃபொரன் வரையில் சுமார் 11 கிலோமீட்டர். வழிநெடுகிலும் மஞ்சள் நிறப் பலகைகள் அடுத்த ஊரின் பெயரையும், அதை அடைய எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்பதையும் தெரிவித்துக்கொண்டே இருக்கின்றன. தேசம் முழுவதும் ஒரே மாதிரியாக இருக்கும் இந்த மஞ்சள் பலகைகளுக்குப் பின்னால், சூரிச் ஏரிக்கரையில் மெய்லன் என்ற ஊரில் ஆசிரியராக இருந்த யோஹான் யாக்கோப் எஸ் என்பவரின் பிரயாசை இருக்கிறது. மோட்டார் வண்டிகள் பெருகிப் பாதசாரிகளைச் சாலைகளிலிருந்து விரட்டத் தொடங்கிய 1930களில், நடப்பவர்களுக்கென்று தனி வழிகள் வேண்டும் என்று அவர் இயக்கம் நடத்தினார். 1979இல் அந்நாட்டு ஜனங்கள் வாக்களித்து நடைபாதைகளைத் தங்கள் அரசியல் சாசனத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். இன்று அந்தச் சிறிய தேசத்தில் பராமரிக்கப்படும் நடைபாதைகளின் நீளம் சுமார் 65,000 கிலோமீட்டர். நடந்து செல்பவனுடைய உரிமையைத் தேசத்தின் மூல சாசனத்தில் எழுதி வைத்த ஜனங்களை நான் மனமார மதிக்கிறேன்.

லுட்ரியின் பழைய தெருக்களைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கியதும் இரு புறமும் சுவர்கள் எழும்பி நம்மைச் சூழ்ந்துகொள்கின்றன. பாதையில் பெரும்பகுதி தோட்டக்காரர்களின் வண்டிகளுக்காகப் போடப்பட்ட குறுகலான தார்ச்சாலையே. இடையிடையே கற்படிகள் செங்குத்தாக ஏறுகின்றன. மர நிழல் மிகவும் அரிது. கோடையில் வருகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் புறப்படக்கூடாது.

சுவரின் வேலை மண்ணைத் தடுத்து நிறுத்துவதுதானே என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். சரிவில் கட்டிய சுவருக்கு மண்ணைக் காட்டிலும் பெரிய விரோதி தண்ணீர். மழை பெய்து மண் ஊறி, அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரின் முதுகில் தேங்கிவிட்டால், அதன் பாரம் கல்லை மெள்ள மெள்ள வெளியே தள்ளும். சுவர் முதலில் வயிறு தள்ளும். பிறகு ஒரு நாள் சரியும். இதை அனுபவத்தில் அறிந்த முன்னோர்கள் சுவரின் அடிப்பகுதியில் ஆங்காங்கே சிறு துவாரங்கள் விட்டார்கள். படிக்கட்டுகளை ஒட்டிக் கல் வாய்க்கால்கள் அமைத்து, மேல் அடுக்கின் நீர் கீழ் அடுக்கின் மண்ணை அரிக்காமல் நேராக ஏரிக்குப் போய்ச் சேரும்படி செய்தார்கள். சற்று நின்று பார்த்தால், ஒரே சுவரில் இரண்டு மூன்று காலத்து வேலைகள் கலந்திருப்பது தெரியும்: சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்திய பகுதி ஒன்று, பின்னால் சுண்ணாம்புச் சாந்து பூசிச் சீர்செய்த பகுதி ஒன்று, சமீபத்தில் சிமெண்டு கொண்டு அடைத்த பகுதி ஒன்று. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் செய்த வேலையாக அது இருக்கக்கூடும்.

சரிவின் ஆதி வடிவத்தைச் செதுக்கியது ரோன் பனியாறு. அது விலகிப் போன பிறகு எஞ்சிய கரட்டு நிலத்தைத் தோட்டமாக்கும் காரியம், பதினோராம் நூற்றாண்டிலிருந்து இப்பகுதியை ஆண்டு அனுபவித்த பெனடிக்டின், சிஸ்டர்சியன் மடங்களின் காலத்தில் உருப்பெற்றது என்று யுனெஸ்கோவின் குறிப்பு சொல்கிறது. லவோவின் நடுவில், மிகச் செங்குத்தாக இருக்கும் தெசலே என்ற பகுதியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் லோசான் மேற்றிராணியார் சிஸ்டர்சியன் துறவிகளுக்குத் தானமாகக் கொடுத்தார். பிரார்த்தனையோடு உடலுழைப்பையும் விரதமாகக் கொண்ட அந்தத் துறவிகள், முட்புதர் மண்டிய சரிவை வெட்டித் திருத்திச் சுவரெழுப்பினார்கள். 1536இல் பெர்ன் நகரத்தார் படையெடுத்து இந்தப் பிரதேசத்தை வென்று, கிறிஸ்தவ சமயச் சீர்திருத்தத்தைப் புகுத்தியபோது மடங்கள் கலைந்துபோயின. துறவிகளின் தோட்டங்களில் ஒரு பகுதி லோசான் நகரத்தாரின் கைக்கு வந்தது. தெசலேயில் துறவிகளின் பெயராலேயே இன்றும் வழங்கும் தோட்டத்தை நகராட்சி இன்றுவரை வைத்துப் பராமரிக்கிறது. ஆட்சி மாறிற்று, சமயம் மாறிற்று. சுவரைப் பழுது பார்க்கும் வேலையை மட்டும் எந்தக் காலத்தவரும் விட்டுவிட முடியவில்லை.

சுவரோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எவ்வளவு கவனமாக வாய்க்கால் அமைத்தாலும் ஒவ்வோர் ஆண்டின் மழையும் மேல்மண்ணில் கொஞ்சத்தைக் கரைத்துக் கீழே கொண்டு சேர்க்கும். அந்த மண்ணைக் குளிர்காலத்தில் கூடைகளில் வாரி, முதுகில் கட்டிக்கொண்டு, படியேறி, மறுபடியும் மேலடுக்கில் கொட்டுவது லவோவின் குடியானவர்களுக்கு நியதியான வேலையாக இருந்தது. கீழே இறங்குவது மழையின் சுபாவம். அதை மேலே ஏற்றுவது மனிதனின் பிடிவாதம். உரமும் அப்படியே முதுகில் ஏறிற்று; அறுவடைக் காலத்துத் திராட்சையும் அப்படியே முதுகில் இறங்கிற்று. வசந்தம் முடிந்து கொடிகள் அளவுக்கு மீறித் தழைக்கும் பருவத்தில், வேண்டாத தளிர்களைக் கிள்ளி எறிவதற்காக ஏரிக்கு அப்பாலிருந்து சவாய் நாட்டுப் பெண்கள் கூட்டமாக வேலைக்கு வருவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. பிரயாணிகள் எழுதிவைத்த வர்ணனைகளில் ஏரியின் நிறமும் மலையின் நிறமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன; நாள் முழுவதும் குனிந்து நின்ற இந்தப் பெண்களின் முதுகுவலி எங்கேயும் அதிகமாகப் பதிவாகவில்லை. அதை எண்ணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இக்காலத்தில் செங்குத்தான தோட்டங்களில் ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் பல்சக்கரத்தைப் பற்றி ஏறும் சிறு இயந்திர வண்டிகள் வந்துவிட்டன. அவை முதுகின் பாரத்தைப் பெருமளவு குறைத்திருக்கின்றன. ஆனால் குளிர்காலத்தின் முடிவில் கொடியை நறுக்குவதும், தளிரைக் கிள்ளுவதும், குலையைக் கொய்வதும் இன்றும் கையால்தான். உழவு இயந்திரம் திரும்புவதற்கு அந்தப் படிகளில் இடமேது?

பாதையை விட்டுச் சற்றுக் கீழே இறங்கினால் குல்லி என்ற கரையோர ஊர் வரும். அங்கே ஒரு ஸ்தூபி நிற்கிறது. பெர்ன் நகரத்தாரின் ஆட்சியிலிருந்து தன் நாட்டை விடுவிக்க 1723ஆம் ஆண்டு வசந்த காலத்தில் சில நூறு வீரர்களோடு லோசானுக்குள் சென்று, அந்த நகரத்துப் பிரமுகர்களாலேயே காட்டிக் கொடுக்கப்பட்டுச் சிரச்சேதம் செய்யப்பட்ட மேஜர் தாவெலின் ஞாபகமாக எழுப்பியது அது. தாவெல் இந்த ஊரில் பத்திரம் எழுதும் தொழில் செய்தவர். திராட்சைத் தோட்டம் உடையவர். தன்னோடு வந்த வீரர்களுக்குத் தன் நோக்கம் இன்னதென்று அவர் சொல்லவேயில்லை. பழி முழுவதையும் தானே ஏற்றுக்கொண்டார். அவர் மாண்டு 75 ஆண்டுகள் சென்ற பிறகே, 1798இல், அந்த நாடு பெர்னிடமிருந்து விடுபட்டது. இன்று அது வோ என்ற பெயரோடு ஸ்விஸ் கூட்டாட்சியில் ஒரு மாநிலம்.

மறுபடியும் மேலேறி எபெஸை நோக்கி நடக்கும்போது இந்தக் கிராமங்களின் அமைப்பைக் கவனிக்கலாம். வீடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, குறுகலாக, உயரமாக நிற்கின்றன. முற்றமோ பூந்தோட்டமோ காண்பது அபூர்வம். விளைநிலத்தில் ஒரு முழத்தையும் வீட்டுக்காக இழக்க விரும்பாதவர்கள் அமைத்த ஊர்கள் இவை. வீட்டின் கீழ்த்தளத்தில் திராட்சையைப் பிழியும் இடமும், பீப்பாய்கள் அடுக்கிய நிலவறையும். குடும்பத்தின் வாசம் மேல்தளத்தில். தெருமுனையில் கல்தொட்டி ஒன்றில் நீர் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கும்.

எபெஸுக்கும் ரிவாவுக்கும் நடுவில்தான் தெசலே. லவோ மண்ணுக்கு மூன்று சூரியன்கள் உண்டு என்பது இந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வார்த்தை: வானத்திலிருந்து நேராகக் காய்வது ஒன்று, ஏரியின் மேல் பட்டுத் திரும்பி மேலெழுவது இரண்டாவது, பகலெல்லாம் கல்லில் சேர்ந்து இரவில் சிறிது சிறிதாக வெளிப்படுவது மூன்றாவது. இதைக் கவிஞர்களின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 300 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள அந்த ஏரி கோடையில் வாங்கிய வெப்பத்தைக் குளிர்காலம் வரையில் பிடித்து வைத்திருந்து, கரையோரத்தின் பனிக்கடுமையைத் தணிக்கிறது. சூரியன் மறைந்த பிறகு சுவரின்மேல் கையை வைத்தால் மூன்றாவது சூரியன் இருப்பது தெரிந்துவிடும். ஆக, மண்ணைத் தாங்க எழுப்பிய சுவரே பழத்தைப் பழுக்க வைக்கவும் உதவுகிறது. இங்கே பெரும்பகுதி பயிராவது ஷாஸ்லா என்ற வெள்ளைத் திராட்சை. அதற்குத் தானாக எடுப்பான வாசனை ஒன்றும் கிடையாது. எந்த மண்ணில் வேரூன்றுகிறதோ அந்த மண்ணின் குணத்தை ஏற்றுக்கொள்ளும் என்று அதை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் எபெஸ், தெசலே, சென்-சாஃபொரன் என்று அடுத்தடுத்த இடங்களின் பானத்தை அவர்கள் தனித்தனிப் பெயரால் வேறுபடுத்திப் பேசுகிறார்கள்.

ஸ்விட்ஸர்லாந்தில் உண்டாகும் திராட்சை மதுவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே வெளிநாடு செல்கிறது. மீதி அந்த மண்ணிலேயே தீர்ந்துவிடுகிறது. மதுவைப் பாவமென்றும் குடும்பங்களின் நாசமென்றும் கருதும் நம் வாசகர்கள், இப்படிப்பட்ட ஒரு பிரதேசத்தைப் புகழ்ந்து எழுதுவானேன் என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. மதுவிலக்கைத் தம் வாழ்நாள் கொள்கையாகக் கொண்ட மகாத்மா காந்தி, லண்டன் வட்டமேஜை மகாநாடு முடிந்து திரும்புகையில், 1931 டிசம்பரில், இந்தக் கரையின் கிழக்கு முனையிலுள்ள வில்நெவ் என்ற ஊரில் பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலந்தின் விருந்தினராகச் சில நாட்கள் தங்கினார். லோசானுக்கும் சென்று பேசினார். வில்நெவ்விலிருந்து லோசானுக்குப் போகும் கரைவழி இந்தச் சரிவின் அடியில்தான் செல்கிறது. டிசம்பரில் கொடிகள் இலையுதிர்ந்து வெறும் கட்டைகளாக நிற்கும். அப்போது கண்ணுக்குத் தெரிவது சுவர்களே. பானத்தை நாம் தொட வேண்டியதில்லை. கையுழைப்பை வழிபாடாக மதித்த ஒருவருடைய தேசத்தில் பிறந்த நாம், இந்தச் சுவர்களின் முன்னே மரியாதையோடு நிற்பதற்கு அது தடையாகாது.

இவ்வளவு உழைப்பும் ஒரு தலைமுறைக்குள் அழிந்துபோகக் கூடிய ஆபத்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. ஏரியும் பனிமலையும் தெரியும்படி மாளிகை கட்டிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு உலகில் குறைவில்லை. லோசானும் மோந்த்ரேயும் இரு புறமிருந்தும் வளர்ந்துகொண்டிருந்தன. தலைமுறைக் கணக்கில் மண் சுமந்து ஈட்டும் வருமானத்தைக் காட்டிலும் பன்மடங்கு பணத்தை ஒரே நாளில் நிலத்தை விற்று வாங்கிவிடலாம் என்ற நிலைமை. பாசல் நகரில் பிறந்த ஃபிரான்ஸ் வெபர் என்ற பத்திரிகையாளர், லவோவைக் காப்பாற்றுங்கள் என்று கையொப்பம் திரட்டி, வோ மாநில ஜனங்களின் வாக்குக்கு அதை விட்டார். 1977இல் ஜனங்கள் அதை ஏற்றார்கள். லவோவின் பாதுகாப்பு மாநில அரசியல் சாசனத்தில் இடம்பெற்றது. பின்னர் புதிய சாசனம் வகுக்கப்பட்டபோது அந்த ஷரத்து விடுபட்டுப் போகவே, வெபர் மறுபடியும் கையொப்பம் திரட்டினார். 2005இல் ஜனங்கள் மறுபடியும் ஏற்றார்கள். தங்கள் நிலத்தைத் தாங்களே விற்று லாபம் காணும் சுதந்திரத்துக்குத் தாங்களே எல்லை கட்டிக்கொள்வது எளிய காரியமன்று. சிஸ்டர்சியன் துறவிகளின் உழைப்புக்கு நிகரான செயலாகவே இந்த வாக்குகளை நான் கருதுகிறேன்.

2014இல் வெபர் மூன்றாம் முறையாக, இன்னும் கடுமையான நிபந்தனைகளோடு வந்தபோது ஜனங்கள் அதை நிராகரித்து, மாநில அரசு முன்வைத்த மிதமான மாற்றுத் திட்டத்தை ஏற்றார்கள். இதைப் பின்வாங்கலென்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோட்டக்காரர்களே அந்த மூன்றாவது யோசனையை வன்மையாக எதிர்த்தார்கள். கருவி வைக்க ஒரு கொட்டகை, திராட்சை பிழியும் இடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி, இவைகூட இல்லாவிட்டால் பயிர் செய்கிறவன் எப்படிப் பிழைப்பான்? அவன் போய்விட்டால் மழை அரித்த மண்ணை மேலேற்றுவது யார்? பார்க்கிறவர்களுக்காக மட்டும் காப்பாற்றப்படும் சுவர் அதிக நாள் நிற்காது. வெபர் 2019இல் காலமானார். அவர் இல்லாதிருந்தால் நாம் நடக்க இந்தப் பாதையில் எவ்வளவு மிஞ்சியிருக்குமோ தெரியாது.

ரிவாவை நெருங்கும்போது மலையிலிருந்து ஃபொரெஸ்தே என்ற சிற்றாறு அருவியாக விழுகிறது. மேலே ஷேப்ர் என்ற ஊரில் 1946இல் தங்கிய ஓவியர் மார்செல் துஷாம்ப் இந்த அருவியைப் படமெடுத்து, தம் கடைசிப் பெரும் படைப்பில் பயன்படுத்திக்கொண்டார். அதே ஷேப்ரின் உச்சியிலிருந்து ஏரியைப் பார்த்து ஃபெர்டினாண்ட் ஹோட்லர் வரைந்த சித்திரங்கள் ஸ்விஸ் ஓவியக்கலையில் புகழ்பெற்றவை.

சென்-சாஃபொரன் நம் நடையின் முடிவு. சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு கிராமம். அதன் நடுவே பழைய கிறிஸ்தவக் கோயில். ரோமானியர் காலத்து மாளிகையொன்றின் இடிபாடுகளின் மேல் எழுந்த அந்தக் கோயிலுக்குள், கிளாடியஸ் சக்கரவர்த்தியின் காலத்தில், கி.பி. 47இல், நாட்டிய மைல்கல் ஒன்று பத்திரமாக இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலியிலிருந்து வந்த ராஜபாட்டை இந்தக் கரை வழியே சென்றதற்கு அது சாட்சி. எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று பாதசாரிக்குச் சொல்லும் வேலை இங்கே மஞ்சள் பலகைகளுக்கு வெகுகாலம் முன்னரே ஆரம்பமாகிவிட்டது.

இந்த ஊரிலிருந்து ரயிலேறினால் சில நிமிஷங்களில் வெவே. இருட்டுவதற்கு முன் அதன் பெரிய சந்தை மைதானத்தைப் போய்ப் பார்க்கலாம். 1797 முதல் ஒரு தலைமுறைக்கு ஒரு முறையோ சற்றுக் கூடுதலாகவோ, திராட்சைக் குடியானவர்களின் மகோற்சவம் நடைபெறுவது அங்கேதான். கடைசியாக 2019ஆம் ஆண்டு கோடையில், ஆயிரக்கணக்கான உள்ளூர் ஜனங்களே பாடியும் ஆடியும் அதை நடத்தினார்கள். யுனெஸ்கோ இந்த உற்சவத்தையும் 2016இல் தன் அருவப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உற்சவத்தை நடத்தும் சங்கம் பதினேழாம் நூற்றாண்டிலேயே இருந்ததற்கு ஆவணங்கள் உண்டு. சங்கத்தின் நிபுணர்கள் ஆண்டுதோறும் தோட்டம் தோட்டமாகச் சென்று, கொடிகள் எப்படிப் பேணப்பட்டிருக்கின்றன என்று பார்த்து மதிப்பெண் இடுகிறார்கள். அந்த மதிப்பெண்கள் நிலத்தின் சொந்தக்காரருக்குச் சேர்வதில்லை. பிறருடைய தோட்டத்தில் நின்று, பேசிக்கொண்ட ஊதியத்துக்குக் கொடி வளர்க்கும் குடியானவருக்கே அவை சேரும். உற்சவத்தில் கிரீடம் சூட்டப்படுவதும் அவருக்கே. அடுத்த உற்சவம் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், இடைக்காலத்தில் மூன்றாண்டுக்கு ஒரு முறை சங்கம் கூடி, சிறந்த குடியானவர்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பரிசளித்து வருகிறது.